உங்கள் மகனை இங்கிருந்து மாற்றிவிடுங்கள், அத்தான்

தம்பானூர்,
திருவனந்தபுரம்.

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் சுவாமிதாஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி பிரேமா, நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜ், அதில் தங்கும் ஜனங்கள் எல்லாரும் கிருபையால் சுகம். சபைதான் சுகமில்லை. அக்காவின் முட்டுவலி குறைய ஜெபிக்கிறோம்.

உங்கள் மகன் விபின் எங்கள் தமிழ்ச் சபைக்குப் போதகராக வருகிறான் என்றதும், மருமகன் வாறான், மருமகன் வாறான் என்று தம்பானூர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போ ஆராதனை முடிஞ்சா ஒருத்தர் முகத்திலயும் முழிக்காம பக்கவாசல் வழியா இறங்கிப் போறேன். முதல் ஞாயிறே திரை கட்டி, படம் போட்டு, ‘வெற்றியின் படிகள்’ என்று பிரசங்கம். கட்டட வேலை செய்யும் மகாராஜா என் காதில் சொன்னான்: “அண்ணே, வாரம் முழுக்க நான் படிதான் ஏறுறேன். இங்கயும் ஏறச் சொல்றாரே.” அடுத்து, பிள்ளைகளுக்குத் திரித்துவத்தை விளக்க ஒரு அவித்த முட்டையோட வந்தான். ஓடு, வெள்ளை, மஞ்சள், மூணும் ஒண்ணு என்றான். “ஓட்டை உரிச்சுக் களைஞ்சா பிதா போயிருவாரா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்விதானே அத்தான். இவன், ஜெபம் பண்ணு, புரியும் என்று சொல்லிட்டு முட்டையைத் தின்னுட்டான்.

இதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்காதது இதுவாக்கும். கரமனையில் இருக்கும் ஜெபமலரின் புருஷன் பிரஜின், வேலை செய்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான். அவன் கிடந்த நாளெல்லாம் அவள் பச்சைத்தண்ணி குடிக்காமல் ஜெபித்தாள். அடக்க ஆராதனையில் விபின் எழுந்து, முழு விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் இவர் பிழைத்திருப்பார் என்றான். அந்தப் பிள்ளை அழக்கூட இல்லை. “அப்போ நாந்தான் கொன்னேனா பாஸ்டரே?” என்று கேட்டது. இவன் அடுத்த பாட்டைப் பாடச் சொன்னான். அன்றிலிருந்து அவள் சபைக்கு வரவில்லை.

நான் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

“எல்லாரும் அப்படித்தான் மாமா சொல்றாங்க” என்றான்.

“நான் ஒருத்தருக்குத் தப்பான சாவி குடுத்தா, மன்னிப்புக் கேட்டு வேற சாவி குடுக்கலாம். நீ அந்தப் பொம்பளையை எந்த அறைக்குள்ள போட்டுப் பூட்டிட்டு வந்திருக்க, தெரியுமா?” என்றேன். எழுந்து போய்விட்டான்.

ஊசி போடுறவனுக்குக் கூட முதலில் நரம்பைக் காட்டிக் கொடுக்கிறார்கள். மனுஷன் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேதத்தை மட்டும் யார் கையில் வேண்டுமானாலும் கொடுத்து அனுப்புவீர்களா? மேலிடத்தில் உங்கள் சொல்லுக்கு மரியாதை உண்டு. அவனை மாற்றுங்கள். எங்கேயாவது கணக்கு வழக்குப் பார்க்கிற வேலையில் வையுங்கள். முட்டை இல்லாத இடமாகப் பாருங்கள்.

கர்த்தர் உங்கள் இருவருக்கும் சுகமும் சமாதானமும் தந்து காப்பாராக.

அன்புள்ள மைத்துனன்,
சுவாமிதாஸ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. இடையில் விபின் தனியாகக் கரமனைக்குப் போயிருக்கிறான். ஜெபமலரே பிரேமாவிடம் சொன்னாள்: “‘எனக்குத் தெரியலக்கா, தெரிஞ்ச மாதிரிப் பேசிட்டேன், உங்க மேல ஒரு குத்தமும் இல்ல’ன்னு சொல்லி பாஸ்டர் அழுதாரு. நாந்தான் தேத்திக் கஞ்சி குடுத்து அனுப்பினேன்.” ஞாயிறன்று திரை இல்லை. யோபின் புஸ்தகத்தை வாசித்து, துக்கப்பட்டவன் மேலேயே பழி போட்ட அந்தச் சிநேகிதர்களோடு நானும் சேர்ந்துவிட்டேன் என்று சபை முன்னால் சொன்னான். ஜெபமலர் வந்திருந்தாள். பிரசங்கம் எப்படி என்று கேட்டேன். “நீளம் கூடிப்போச்சு. ஆனா அடுத்த வாரமும் கேக்கணும்” என்றாள். ஆகையால் மாற்றல் வேண்டாம் அத்தான். மறுபடி எழுத எனக்கு நேரமில்லாததால் இதையே அனுப்புகிறேன். அக்காவுக்குப் பின்குறிப்பை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.