அத்தை பேர் வெட்டிய சம்படம்

தம்பி புத்தி சொன்னால் எனக்குப் பிடிக்காது. அந்த ஒரே காரணத்தால்தான் நான் சூனியக்காரி ஆனேன்.

பெங்களூரில் இருக்கும் அவன்தான் இந்த ஜியோகேச்சிங் விளையாட்டைப் பழக்கிவிட்டான். ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, இடத்தைப் போனில் குறித்துவிட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். (வேலையற்ற வேலைதான். யார் இல்லையென்றது?) "நாலு பக்கமும் கிளிப் போட்டு, மூடியில ரப்பர் வளையம் இருக்க டப்பாவா வாங்குக்கா" என்று படித்துப் படித்துச் சொன்னான்.

"பிளாஸ்டிக்கா? ரெண்டு வெயிலுக்குத் தாங்காதுலே" என்று அவன் வாயை அடைத்தேன். அத்தையின் (என் மாமியார்) அலமாரியிலிருந்து மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்தேன். துருப்பிடிக்காது, உடையாது, எலி கடிக்காது. தண்ணீர் புகுமா என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு நிமிஷம் அமுக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இன்று நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல் இருக்கிறது.

உள்ளே ஒரு நோட்டு, கண்டுபிடிப்பவர்கள் எடுத்துப்போக ஒரு குட்டிப் பொம்மை, கறுப்புக் கயிறு கோத்த பழைய சாவி. நோட்டின் முதல் பக்கத்தில், 'இது விளையாட்டு, பயப்பட வேண்டாம்' என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். குறுக்குத்துறை ஆற்றங்கரையில் ஒரு மருத மரத்து வேர்ப்பொந்தில் செருகிவிட்டு வந்தேன். அன்றைக்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து, தினமும் ஆற்றில் குளிக்கும் வாழைக்காய்க் கடை அண்ணாச்சி எங்கள் தச்சநல்லூர் வீட்டு வாசலில் நின்றார். கையில் நீளக் கம்பு. அதன் நுனியில் பையில் கட்டித் தொங்கியது சம்படம்.

"கோமதியக்கா, வெளிய வாங்க. ஒங்க பேர்ல எவனோ செய்வினை வச்சிருக்கான்!"

சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டாத வீடு எங்கள் பக்கம் உண்டா? எல்லாப் பாத்திரத்திலும் இருப்பதால் அது என் கண்ணில் படவே இல்லை. 'கோமதி, தச்சநல்லூர்' என்று அத்தையின் பெயர் மூடியில் பளிச்சென்று இருந்தது. உள்ளே நோட்டு கூழாகி, சிவப்பு மை கரைந்து, பொம்மை ரத்தத்தில் குளித்துக் கிடந்தது. 'பயப்பட வேண்டாம்' என்ற வரியைக் காணோம்.

"இது நம்ம அலமாரில இருந்ததுல்லா?" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்தார். அந்த வாரம்தான் அவருக்கு மூட்டுவலி ஆரம்பித்திருந்தது. (என் நேரம்!)

"நான்தான் வச்சேன் அத்தை. வெளையாட்டு" என்று போனைத் திறந்து, குறித்து வைத்த இடத்தைக் காட்டினேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "எடத்தையும் அளந்துல்லா வச்சிருக்கு இந்தப் புள்ள!"

எனக்குத் தலைக்கேறியது. அண்ணாச்சி மேல் கோபம், மழை மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் அந்த உதவாக்கரை மூடி மேல் கோபம். "தெனமும் நான்தான சோறு பொங்கிப் போடுதேன்? ஒங்களுக்குக் கெடுதல் செய்யணும்னா ஆத்துக்கா போவேன்?" என்று கத்திவிட்டேன்.

வாயை மூடியிருக்கலாம். அன்றிலிருந்து அத்தை என் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலை இழுத்து இழுத்து அடுப்படிக்குப் போய்த் தானே கஞ்சி வைத்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக நான் போட்ட காப்பியைக் குடித்தவர். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று இன்னும் எரிச்சல் வந்தது.

நாலாம் நாள் என் கணவர் எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றினார். போன் காட்டிய வழியில், வேறு யாரோ ஒளித்த டப்பாவைத் தேடிப் பாளையங்கோட்டைப் பக்கம் போனோம். ஒரு பாழடைந்த மண்டபத்துக்குப் பின்னால் கல்லிடுக்கில் இருந்தது. நாலு பக்கமும் கிளிப். அத்தையே திறந்தார். அதே மழையில் கிடந்த டப்பாதான். உள்ளே காகிதம் பொரித்த அப்பளம்போல் மொறுமொறுவென்று இருந்தது. 'இது ஒரு விளையாட்டு' என்பதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தார். மூடியைத் திருப்பி ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி, இப்படி ஒண்ணு வாங்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

வீட்டுக்கு வந்ததும் காப்பி கேட்டார். (சர்க்கரை கம்மி என்று குறையும் சொன்னார்.)

போன மாதம், துபாயில் இடுப்புப் பிடித்துப் படுத்திருந்த கொழுந்தன் போன் போட்டான். "மதினி, என் பேர்ல எங்கன பொதைச்சு வச்சிருக்கீய?"

நான் பல்லைக் கடித்தேன். அத்தை போனைப் பிடுங்கினார்.

"ஏலே, இவ வச்சிருந்தா அது என்னைக்கோ நனைஞ்சு நாசமாப் போயிருக்கும். பேசாம மாத்திரையப் போட்டுட்டுப் படு."