இருபத்தைந்துக்குக் கீழே

வெப்பமானி இருபத்தைந்து புள்ளி நான்கில் நின்றது. நேற்றும் அதே, முந்தாநாளும் அதே. மார்கழி முடிய ஒரு வாரம்தான் இருந்தது. ஏரியோ அந்தப் புள்ளி நான்கை விட்டுத்தர மறுத்தது.

மணவாளன் படித்துறையின் மூன்றாம் படியில் குந்தி, வெப்பமானியைக் கட்டிய கயிற்றை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். பாதரசம் அசையவில்லை.

கடலூரை அடுத்த அந்தச் சின்னப் படகு ஏரிக்கு அவன்தான் பொறுப்பாளன். சீட்டுக் கிழிப்பான், மிதிபடகுக்கு எண்ணெய் விடுவான், காலையில் நீந்த வருவோருக்காக நீரின் வெப்பத்தைக் கரும்பலகையில் எழுதி வைப்பான். ஆறேகாலுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரிலிருந்து பவானியின் அழைப்பு வரும். அதற்காகத்தான் அவனுக்குப் பொழுது விடிந்தது.

மூன்றாண்டுக்கு முன் நீர் ஆராய்ச்சிக்காக மாதந்தோறும் வந்தவள். ஓராண்டு வந்தாள், பிறகு வெப்பமானியை அவன் கையில் கொடுத்து, "நீங்க டெய்லி போன்ல சொன்னா போதும் சார்" என்று போய்விட்டாள். சித்திரையில் முப்பத்திரண்டு, ஆடியில் முப்பது, ஐப்பசி மழையில் இருபத்தேழு என்று பருவம் தவறாமல் அவன் சொல்லி வந்தான். எண்ணைத் தவிர ஒரு சொல் கூடுதலாகச் சொன்னதில்லை. அவன் மனைவியை இழந்தவன்; அவள் கணவனை இழந்து மாமியாரோடு வாழ்பவள். நாற்பதைக் கடந்த அப்படிப்பட்ட இருவர் "உன்னைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிக்கொள்ள இந்த நாட்டில் நாக்கு மட்டும் போதாது. நடுவே ஒரு வெப்பமானியும் வேண்டும்!

"இருபத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா முக்கியமான விஷயம் சார். அன்னைக்கு நானே நேர்ல வரணும்" என்று அவள் சொல்லியிருந்தாள். போன மார்கழி ஏமாற்றிவிட்டது. இதுவும் ஏமாற்றப் பார்த்தது.

கைபேசி ஒலித்தது.

"எவ்வளவு சார்?"

"இருபத்தி நாலு புள்ளி ரெண்டு, மேடம்." நாக்கு அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"நெஜமாவா?"

"நெஜந்தான் மேடம்."

"அப்ப ஞாயித்துக்கெழம வரேன். அதுவரைக்கும் டெய்லி போர்ட போட்டோ எடுத்து அனுப்புங்க. ஃபைலுக்கு வேணும்."

போட்டோ வேண்டுமென்றால் பலகையிலும் பொய்யை எழுதத்தானே வேண்டும்? எழுதினான்.

நீச்சல் குழுவின் தலைவர் அப்துல் மஜீத் பாய் துண்டும் தோளுமாக வந்தார், முதல் படியில் காலை நனைத்தார், பலகையைப் பார்த்தார், மூன்று முறை தும்மினார்.

"இருபத்தி நாலா! அதான பாத்தேன், கால வெச்சதும் எலும்பு வரைக்கும் ஏறுச்சி!"

"நேத்துதான பாய் இதே தண்ணியில அரை மணி நேரம் மல்லாந்து கெடந்தீங்க?"

"நேத்து போர்டு வேறப்பா!"

குழுவினர் எட்டுப் பேரும் நனையாத துண்டோடு வீடு திரும்பினர். ஒன்பது மணிக்குக் குத்தகைதாரர் கார்த்திகேசன் கூப்பிட்டார்.

"ஏன்யா, போர்டு எழுதியே ஏரிய மூடிட்டியா? நாளைக்கு ஒருத்தனும் தண்ணியில எறங்கலேன்னா, நீ வேலைய வுட்டு எறங்கிடு!"

மறுநாள் மணவாளன் தந்திரம் செய்தான். ஆறு மணிக்கு 24 என்று எழுதிப் போட்டோ எடுத்தான். ஆறரைக்கு அழித்து 29 என்று எழுதினான். இரண்டையும் பார்த்துவிட்டார் மஜீத் பாய்.

"ஏம்பா மணவாளா, அரை மணியில அஞ்சு டிகிரியா? அடியில எவனாவது அடுப்பு மூட்டி வெச்சிருக்கானா?"

"அது... அடியிலேர்ந்துதான் வருது பாய்."

அவ்வளவுதான் சொன்னான். சாயங்காலத்துக்குள் அது குறிஞ்சிப்பாடி வரை போய் வெந்நீர் ஊற்றாகிவிட்டது. அடுத்த நாள் மூட்டுவலிக்காரர்கள் வந்தனர். அதற்கு அடுத்த நாள் மூன்றாம் படிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றினர். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஓர் உண்டியலும் வந்து உட்கார்ந்தது. அறிவு ஒரு பலகையில் ஆண்டுக்கணக்காக எழுதிக் கிடந்தது. ஏறிட்டுப் பார்க்க எட்டுப் பேருக்கு மேல் வரவில்லை. பொய் ஒன்று சொல்லப்பட்டதும் ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தது!

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பேர் முழங்கால் வரை நீரில் நின்றனர். மணவாளன் கூட்டத்துக்கு நடுவே கயிற்றை விட்டான். இருபத்தாறு புள்ளி ஒன்று.

இன்னும் ஒரு மணி நேரத்தில் அவள் வருவாள். இரண்டாண்டுக்குப் பின் வருவாள். வந்து, பொய்யனைப் பார்த்துவிட்டுப் போவாள். நாளை ஆறேகாலுக்குக் கைபேசி ஒலிக்காது. அந்த ஒலியற்ற காலையை நினைத்தபோது அவன் சில்லிட்டுப் போனான். ஏரி மட்டும் சில்லிடவில்லை.

துறைமுகத்துக்கு ஓடினான். மீனுக்குப் போடும் ஐஸ் பாறைகள் பன்னிரண்டை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து, படித்துறை ஓரமாகத் தள்ளினான்.

"அடப்பாவி! சாமி தண்ணியில கவிச்சியக் கொட்றியே!" என்று அலறினாள் ரத்தினம்மாள், மூன்றாம் படிக்கு முதல் சூடம் ஏற்றியவள். ஓராண்டாக நொண்டி வந்தவள் நான்கு படிகளை ஒரே தாவலில் கடந்தாள்.

"பாத்தீங்களா, முட்டி வலி போயிடுச்சி!" என்று கைதட்டினார் மஜீத் பாய்.

ஐஸில் ஒட்டியிருந்த மத்தி மீன் நாற்றத்துக்குக் கொக்குகள் இறங்கின, பின்னாலேயே பூனைகள். அந்த நேரத்தில்தான் கார் வந்து நின்றது.

பவானி இறங்கினாள். காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. அந்த நரை தான் பார்க்காத நாள்களில் வந்தது என்பது மணவாளனை ஏனோ சுட்டது. அவளுக்குப் பின்னே கைத்தடியோடு ஓர் அம்மாள் இறங்கினாள். பவானியின் மாமியார் தங்கம்மாள். மணவாளன் ஒரு படி பின்வாங்கினான். மாமியாரையே சாட்சிக்கு அழைத்து வந்துவிட்டாளே!

பவானி வெப்பமானியை வாங்கி நீரில் விட்டாள். எடுத்துப் பார்த்தாள்.

"பதினாறு" என்றாள்.

ஓர் ஐஸ் பாறை மெல்ல மிதந்து வந்து படியில் முட்டியது. அதன் மேல் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

மணவாளன் தலை குனிந்தான். "இருபத்தஞ்சு புள்ளி நாலுதான் மேடம். ஒரு நாளும் அதுக்குக் கீழ போவல. போர்டும் பொய், போட்டோவும் பொய். நீங்க வரணும்னுதான்... நீங்க வந்தா போதும்னுதான் சொன்னேன். உங்க ஆராய்ச்சியக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

பவானி நிமிரவில்லை. புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். படித்துறையில் நாற்பது பேரும் ஒரு படி நெருங்கி வந்தனர்.

தங்கம்மாள் கைத்தடியை ஊன்றி ஒரு படி இறங்கி, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த ஆராய்ச்சி முடிஞ்சி ரெண்டு வருஷமாவுது தம்பி, தெனம் உன் கொரலக் கேக்க இவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சி, மாப்ள பாக்க வர எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சி!"