அண்ணன் பல்லில் பூசிய வெள்ளி

அரைகுறையாகப் படித்தவர்களை வீட்டுக் கல்யாணம் முடிகிற வரைக்கும் கட்டிப் போட்டு வைக்க வேண்டும். என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் சென்னீர்குப்பம் பக்கம் ஒரு பல் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். சொத்தைக் கிருமிகளைக் கொல்ல, வெள்ளி கலந்த ஒரு பூச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். கிருமி வளர்த்த தட்டில் ஒரு சொட்டு விட்டால் சுற்றிலும் ஒன்றுகூட மிஞ்சாது. "வெளிச்சம் படாம கறுப்புக் காகிதத்துல சுத்தி வைம்மா" என்பார் சார். ஏன் என்று கேட்டதே இல்லை. (கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.)

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டில் அண்ணனுக்குக் கல்யாணம்; பெண் பெயர் ஸ்டெல்லா. அண்ணனுக்கு லேத் பட்டறையில் வேலை, நல்ல உயரம், முன்பல்லில் மட்டும் சின்னதாக ஒரு சொத்தை. "ஸ்டெல்லா பார்த்தா அசிங்கமா கீதும்மே, இன்னாவாவது பண்ணு" என்றான். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. சாரிடம் சொல்லாமல் ஒரு குட்டிப் புட்டியில் பூச்சைக் கொண்டுவந்து, கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தடவினேன். தண்ணீர் மாதிரி நிறமே இல்லை.

காலையில் கோட்டு போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்தவன், "இன்னாடி இது, பல்லு கரியாட்டம் கீது?" என்றான். உப்பு, எலுமிச்சை, பல்பொடி எதற்கும் அது மசியவில்லை. வெளிச்சம் பட்டால் வெள்ளி கறுக்கும், கறுப்புக் காகிதம் அதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "வாயைத் திறக்காதே" என்றேன். அதுதான் என் அடுத்த கண்டுபிடிப்பு.

சர்ச்சில் ஸ்டெல்லா அவனைப் பார்த்துச் சிரித்தாள். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ள சம்மதமா என்று போதகர் கேட்டார்.

"ம்."

"வாயைத் திறந்து சொல்லுங்க தம்பி, சபைக்குக் கேக்கணும்."

மறுபடியும் "ம்."

ஸ்டெல்லா கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "என்னைப் பிடிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டாள். முதல் வரிசையில் இருந்த நான், என் புட்டியால் ஒரு நல்ல பெண் அழுகிறாளே என்று உண்மையைச் சொல்ல எழுந்தேன்.

அதற்குள் அண்ணன் பொறுக்காமல் வாயை அகலமாகத் திறந்தான். "ரொம்பப் புடிச்சிக்கீது ஸ்டெல்லா. பல்லுதான் கறுத்துப்போச்சு."

அவள் அந்தப் பல்லை உற்றுப் பார்த்தாள். அப்புறம் பூச்செண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அதைச் சம்மதம்னு எடுத்துக்கலாமா?" என்று போதகர் அவளிடம் கேட்டார்.

சார் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. பின்னால் பல் டாக்டர் அந்தக் கறுப்பைச் சுரண்டிவிட்டு வெள்ளையாக அடைக்கிறேன் என்றபோது, அண்ணி விடவில்லை. இப்போது அண்ணனுக்குப் பாதிப் பல் போய்விட்டது. கறுப்புப் பல் மட்டும் அசையாமல் நிற்கிறது. வீட்டில் அவன் எதற்காவது "ம்" கொட்டினால் போதும், "வாயைத் திறந்து சொல்லுங்க" என்பாள் அண்ணி. அவன் ஈ என்று அந்தப் பல்லைக் காட்டுவான்.