ஏழு மூஞ்சி மாப்பிள்ளை

மூஞ்சி நிபுணர்களை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். வீட்டுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு இருவர் என்ற விகிதத்தில் பரவிக் கிடக்கிறார்கள். வங்கி வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் சட்டென்று திரும்பி, உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாரா? அவர்தான். பிடிபட்ட திருடனின் படம் செய்தித்தாளில் வந்ததும், "மூஞ்சியப் பாத்தாலே தெரியலை?" என்று கேட்பவரும் அவர்தான். முந்தின நாள் அதே மூஞ்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேருந்தில் ஒரு மணி நேரம் தூங்கியிருப்பார். அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்ற ஒரே ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு இவர்கள் தனி நீதிமன்றமே நடத்துகிறார்கள். வக்கீல் கிடையாது, சாட்சி கிடையாது, வாய்தா கிடையாது. தீர்ப்பு மட்டும் உண்டு.

இது இன்று நேற்று வந்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கம் போல மூக்கிருந்தால் வீரன், ஆடு போல முகமிருந்தால் கோழை என்று ஆதி காலத்திலேயே பெரிய பெரிய தலைகள் எழுதி வைத்திருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் படித்த டாக்டர்கள் அளவுகோலும் இடுக்கியுமாகச் சிறைச்சாலைக்குள் புகுந்து, கைதிகளின் காது, தாடை, நெற்றி என்று ஒன்று விடாமல் அளந்து, இதோ திருட்டுக் காது, இதோ கொலைகாரத் தாடை என்று தடித்தடியாகப் புத்தகம் போட்டார்கள். தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் காதை யாராவது அளந்தார்களா? மூச்! இப்போது இந்த வேலையைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அதுவாவது இதுவரை உருப்படியாக இருந்தது.

இந்த இனத்தின் முதல்தர மாதிரி எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் சித்தப்பா. தபால் ஆபீசில் முப்பது வருடம் ஸ்டாம்ப் விற்று ஓய்வு பெற்றவர். அவருடைய கவுன்ட்டரில் மரப்பலகைத் தடுப்பும், தடுப்பில் சாண் அகலத்துக்கு ஓர் ஓட்டையும் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் வந்தவரின் தாடையும் சட்டையின் முதல் பொத்தானும் தெரியும். இதுதான் அவருடைய பல்கலைக்கழகம்.

அவர் தீர்ப்புக்குத் தப்பியவர் எங்கள் தெருவில் இல்லை. பால்காரருக்கு உதடு மெல்லியது. ஆகவே பாலில் தண்ணீர். மீட்டர் கணக்கெடுக்க வருபவருக்கு இடுங்கிய கண். ஆகவே வீட்டை நோட்டம் பார்க்கிறான். பல் டாக்டர் எப்போதும் சிரிக்கிறார், ஏமாற்றுக்காரர். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் சிரிப்பதே இல்லை, பெரிய ஏமாற்றுக்காரர். வாட்ச்மேனுக்கு மூக்கு கோணல். "திருடனைப் பிடிக்கப் போயி உடைஞ்ச மூக்குங்க சார் இது" என்று அவரும் பாவம், எத்தனை தடவைதான் சொல்லுவார்? கூரியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாததால் முகமே தெரியாது. அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்ன?

இத்தனைக்கும் நாங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தோம்? ஒரு கைக்கடிகாரத்தால். இருபது வருடத்துக்கு முன் அப்பா ஒருவரிடம் கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்தார். "அண்ணே, அவன் தாடை சரியில்லை" என்றார் சித்தப்பா. அடுத்த வாரம் கடையும் இல்லை, ஆளும் இல்லை, கடிகாரமும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்குத் தம்பி வாக்கு வேதவாக்கு.

இந்த நிலையில்தான் என் தங்கை ஒருவரைக் காதலித்தாள். அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுப்பவள். நாள் முழுக்க "சிரிக்காதீங்க, நேராப் பாருங்க" என்று சொல்லி நல்ல மனிதர்களையெல்லாம் கைதிகள் போல ஆக்குவது அவள் தொழில். ஒரு நாள் ஸ்டூடியோ இருந்த கட்டடத்தின் லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டாள். மூடிய கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பயப்படாதீங்க. உள்ள எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான்."

"அப்ப காத்து தாராளமா இருக்கு. நல்லா மூச்சு விடுங்க, நான் பேசிக்கிட்டே வேலையப் பாக்கறேன்."

முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே வேலை பார்த்தார் அந்த லிஃப்ட் மெக்கானிக். கதவு திறந்தபோது தங்கை ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். முகத்தைப் பிறகுதான் பார்த்தாள்.

எங்கள் வீட்டிலோ முகம்தான் முதலில். மெக்கானிக் வந்து உட்கார்ந்தார். சித்தப்பா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண் கொட்டாமல் பத்து நிமிடம் பார்த்தார். அப்படிப் பார்த்தால் கருங்கல் சிலைகூட நெளியும். மெக்கானிக் நெளிந்தார், காதைத் தொட்டார், டீயைச் சட்டையில் சிந்தினார், பேந்தப் பேந்த முழித்தார். அதற்காகவே காத்திருந்தவர்போல் சித்தப்பா எழுந்து அப்பாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், தெருக்கோடிக்குக் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்.

"திருட்டு முழி அண்ணே! காது மடல் ஒட்டியிருக்கு, புருவம் ரெண்டும் கைகோத்து நிக்குது. இன்னும் மாட்டலை, அவ்வளவுதான்."

"நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றார் அப்பா.

மெக்கானிக் மீதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை. தங்கை அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு வாரம் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். எட்டாம் நாள் ஒரு படத்தோடு வந்தாள்.

"சித்தப்பா, இன்னொரு வரன் வந்திருக்கு. நீங்க சரின்னு சொன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

சித்தப்பா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோனார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். உருகிப்போனார்.

"அடடா! நெத்தியப் பாரு, தாடையப் பாரு. அண்ணே, இந்தப் பையன் எறும்புக்குக்கூட வழி விட்டுத்தான் நடப்பான். பால் வடியுது முகத்துல!"

"வடியும் சித்தப்பா. அதுல பால்காரரும் இருக்காரு."

"என்னது?"

"முதல்ல வாக்குக் குடுங்க. இந்த முகத்துக்கு என்னைக் கட்டிக்குடுக்கலாமா, வேணாமா?"

"முடிச்சிடலாம் பாப்பா. இது என் வாக்கு, உங்கப்பன் சாட்சி."

தங்கை பையிலிருந்து ஏழு பாஸ்போர்ட் படங்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். பால்காரர், மீட்டர்காரர், பல் டாக்டர், கணக்கு வாத்தியார், வாட்ச்மேன், ஹெல்மெட் இல்லாத கூரியர்காரர். கடைசியில் மெக்கானிக். சித்தப்பா சமாச்சாரம் என்றதும் ஏழு பேரும் ஓடி வந்து படம் எடுத்துக்கொண்டார்களாம். ஏழு படங்களையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கலந்தால் வந்தவர்தான் அந்த எறும்புக்கு வழிவிடும் உத்தமர்.

"இது என் ஐடியா இல்லை சித்தப்பா. அந்தக் காலத்துலயே ஒரு பெரிய படிப்பாளி, குற்றவாளிங்களோட படத்தையெல்லாம் இப்படிச் சேர்த்து, குற்றவாளி மூஞ்சி எப்படி இருக்கும்னு கண்டுபிடிக்கப் பாத்தாராம். ஒவ்வொருத்தனையும் விட, கலந்து வந்தவன்தான் லட்சணமா இருந்தானாம்."

சித்தப்பா ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். தோற்றுவிட்டார் என்றுதானே நினைத்தீர்கள்? நானும் நினைத்தேன்.

"பாத்தியா அண்ணே! தனித்தனியா வந்தா நான் பிடிச்சிடுவேன்னு, ஏழு பேரும் ஒண்ணாச் சேர்ந்து உத்தமன் வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கானுங்க!"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டி ஏழு படங்களையும் ஒருமுறை பார்த்தார்.

"வாக்குக் குடுத்துட்டியே தம்பி, என்ன பண்றது? இதுல ஆறு பேருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. மிச்சம் இருக்கறவனைக் கூப்பிடு."

கல்யாணம் நன்றாகவே நடந்தது. முன்வரிசையில் சித்தப்பா, பக்கத்தில் பல் டாக்டர். "போட்டோவப் பாத்ததுமே முடிச்சிடலாம்னு சொன்னவன் நான்தான்" என்று அவர் டாக்டரிடம் அளந்துகொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். பொய் என்று தள்ளவும் முடியாது. ஏழில் ஒரு பங்கு உண்மை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவு நேரம் சித்தப்பாவோடு இருந்தீர்களே, அவர் பார்க்க எப்படி இருப்பார்? மீசை உண்டா? மூக்கு எப்படி? முன் தலையில் முடி இருக்கிறதா? தெரியும் என்கிறீர்கள், இல்லையா? அவர் முகத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. சந்தேகமிருந்தால் திரும்பப் போய்த் தேடிப் பாருங்கள். அந்த மூஞ்சியை மாட்டியது நீங்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருடையதைத்தான் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள். பாவம், அந்த மனிதர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்?