ரெண்டு அம்மா உள்ள வீடு

இராமநாதபுரம்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வாசகி மாரிச்செல்வி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், துர்காதேவி, எங்கள் மகள் சிநேகா மூவரும் நலம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நலமாக இருந்தால்தான் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்து முடிக்க முடியும்.

என் முந்தைய கடிதம் நினைவிருக்கும். நானும் துர்காவும் மனம் ஒத்துச் சேர்ந்து வாழ்கிறோம், அவள் கைக்குழந்தையோடு கணவன் வீட்டைவிட்டு வந்ததிலிருந்து சிநேகாவை இருவருமாகத்தான் வளர்க்கிறோம், எங்களுக்குள் சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போக ஒரு பிறந்த வீடு இரண்டு பேருக்குமே இல்லை, கமுதியில் என் அய்யா கதவைத் திறக்கமாட்டார், துர்காவின் அம்மா போனையே எடுப்பதில்லை, ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கமுதி பஸ் வருவதையும் போவதையும் பார்த்துவிட்டு, பக்கோடா வாங்கிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பினேன் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதற்குத் தாங்கள், உங்களைப் போன்ற பெற்றோர் குழுக்களை நாடுங்கள், அருகில் இல்லாவிட்டால் நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள் என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வாசகரின் பொடுகுத் தொல்லைக்குப் போய்விட்டீர்கள். ஐயா, உங்களுக்கு அது இரண்டு வரி. எங்களுக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

முதலில் நாடினோம். சிநேகாவுக்குக் கடல் காட்டத் தனுஷ்கோடி போயிருந்தபோது, பக்கத்தில் ஏதாவது குழு இருக்கிறதா என்று துர்கா போனில் தேடினாள். போன் அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு இலங்கைக்கு நல்வரவு சொன்னது. ஆக, பக்கத்தில் இருப்பது அதுதான். படகில் போனால் கடற்படை பிடிக்கும். மீன் பிடிக்க வந்தோம் என்று சொல்ல எங்களிடம் வலையும் கிடையாது. பிறகு சென்னைக் குழு ஒன்று போனிலேயே கூட்டம் நடத்தியது. நல்ல பிள்ளைகள், சிரித்த முகம், ஆனால் எல்லாம் இங்கிலீஷ். உங்களை அவன் என்பதா அவள் என்பதா என்று முதலில் மரியாதையாகக் கேட்டார்கள். எங்கள் பக்கம் 'அவுக' என்று சொன்னால் எல்லோருக்கும் பொருந்தும், பிரச்சினையே இல்லை என்று விளக்கமாகச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை மைக் அணைந்தே இருந்ததாம். அப்புறம் பிள்ளை பார்க்க ஆயா கிடைக்காதது, அப்பார்ட்மெண்ட்காரர்கள் முறைப்பது, நாய்க்குட்டிக்கு ஊசி போடுவது என்று பேசினார்கள். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டே இருந்தோம். கூட்டம் முடிந்ததும் துர்கா போய்ப் பாத்திரம் தேய்த்தாள். எனக்கு அழுகை வந்தது. நம்மைப் போல இவ்வளவு பேர் இருந்தும் நமக்கு ஒருத்தரும் இல்லையே என்று இருந்தது.

சரி, நாமே தொடங்குவோம் என்று இறங்கினேன். நான் வேலை பார்ப்பது டி.டி.பி. சென்டரில். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா நோட்டீஸ் எல்லாம் என் கைவண்ணம்தான். எங்களைப் பற்றி உடைத்து எழுதப் பயம். எழுதாமலிருந்தால் யாருக்கும் விளங்காது. புரிய வேண்டியவர்களுக்கு மட்டும் புரியட்டும் என்று யோசித்து யோசித்து, "ரெண்டு அம்மா உள்ள வீட்டார் ஞாயிறு மாலை எங்கள் இல்லத்தில் கூடி மனம்விட்டுப் பேசலாம், டீ உண்டு" என்று அடித்து, காதணி விழா பார்டர் போட்டு, மருந்துக்கடையிலும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலும் ஒட்டினேன். ஐயா, எங்கள் ஜில்லாவில் ரெண்டு அம்மா உள்ள வீடு என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. கமுதியில் பிறந்து வளர்ந்த கழுதை எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை துர்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிறு மாலை முதலில் வந்தவர்கள் வெள்ளையம்மாளும் பிச்சையம்மாளும். திருப்புல்லாணிப் பக்கத்து விவசாயி முனியசாமியின் மூத்த தாரமும் இளைய தாரமும். அவர்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு அந்த மனிதர் டீக்கடையோடு நின்றுகொண்டார். பின்னாலேயே அமுதவள்ளி என்ற அம்மாள் வந்தார். அவர் மூத்த தாரம். இளையவளை அழைத்து வரவில்லை, அவளைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருந்தார். மூவரும் உட்கார்ந்தார்கள். வெள்ளையம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சுஐபு பாயைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அவர் மாடியில் குடியிருப்பதால், மேலே இருக்கிறார் என்று விரலால் காட்டினேன். அவ்வளவுதான், பிச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். துர்கா பதறிப்போய், ஐயோ சாகவில்லை, துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். இல்லாத புருசனுக்கு நான் காரியம் செய்து வைத்தேன், அவள் எழுப்பி விசா வாங்கிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து வாராவாரம் கூட்டம் களைகட்டுகிறது. கூட இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். முறத்தில் வெங்காயத்தைக் கொட்டி உரித்துக்கொண்டே யார் யாருக்கு என்ன குறை என்று கொட்டித் தீர்க்கிறார்கள். எங்களைப் போல ஒற்றுமையான சக்களத்திகளை எங்கேயும் பார்த்ததில்லையாம். சுஐபு பாயும் அப்படித்தான் நினைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்க ஆளை ரெண்டு பேர்கிட்டயும் நீதமா நடந்துக்கச் சொல்லுங்கம்மா என்று படியில் நிறுத்திச் சொன்னார். எங்கள் கதைப்படி ஏழு வருசமாக ஊர்ப்பக்கமே வராத துபாய்க்காரரை அமுதவள்ளி வாயில் வந்தபடியெல்லாம் திட்டும்போது, இல்லாத மனுசனுக்காக எனக்கே பாவமாக இருக்கிறது.

ஆனால் ஐயா, வீடு நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, எங்களைப் பற்றி மட்டும் எங்களால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. போன வாரம் எனக்கும் துர்காவுக்கும் பெரிய சண்டை. சிநேகாவின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு யார் அம்மாவாகப் போவது, யார் சித்தியாகப் போவது என்று. அதைக்கூடச் சொல்லி ஆற முடியவில்லை. சொன்னால் எல்லாம் அந்த ஆளால் வந்த வினை என்று துபாய்க்குத்தான் சாபம் போகும். பஸ் ஸ்டாண்டில் ஒற்றையாக உட்கார்ந்திருந்ததைவிட இது கஷ்டமாக இருக்கிறது.

இதற்கிடையில் வெள்ளையம்மாள், எங்கள் துபாய்க்காரர் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் குலசாமிக்குக் கிடாய் வெட்டுவதாக நேர்ந்துகொண்டு, கிடாயையும் வாங்கிக் கட்டிவிட்டார். கேட்டதிலிருந்து துர்காவுக்குத் தூக்கமில்லை. "சாமி கேட்டுருச்சுன்னா என்னடி பண்றது? எவனாச்சும் பெட்டியோட வாசல்ல வந்து நின்னா?" என்கிறாள்.

ஆகவே வரும் ஞாயிறு உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். சொன்னால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். சுஐபு பாய் காதுக்குப் போனால் வீடும் மிஞ்சாது. எனவே இராமநாதபுரத்துக் குழு கலைக்கப்பட்டது, இனி யாரும் வர வேண்டாம் என்று அடுத்த இதழில் ஒரு வரி போட்டுவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் யாருக்கும் இரண்டு வரியில் யோசனை சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இதழ் ஓங்கி வளரவும், தங்கள் வீட்டாருக்கு ஒரு குறையும் வராமலிருக்கவும் எங்கள் மூவரின் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
மாரிச்செல்வி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. இதைத் திருப்புல்லாணியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். அமுதவள்ளி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனவர்தான், கூடவே மற்றவர்களும். அவர்கள் இனி வரமாட்டார்கள். சுஐபு பாயிடம் யாரும் சொன்னார்களா என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. வெள்ளையம்மாளும் பிச்சையம்மாளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது கிடாயை என்ன செய்வது என்று பிச்சையம்மாள் கேட்டார். வெள்ளையம்மாள் என்னிடம் திரும்பினார்.

"அப்ப ஒங்களுக்குள்ள சண்டை வந்தா எங்கன போவீக?"

"போறதுக்கு எடமில்ல அக்கா."

"எனக்கு இதெல்லாம் வெளங்கல தாயி. ஆனா பொம்பளப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போக ஒரு வீடு வேணும். எங்க வீட்டுக்கு வா."

செவ்வாய்க்கிழமை மறுபடி அதே ஆண்டு விழாச் சண்டை. பையை எடுத்தேன், திருப்புல்லாணி பஸ் ஏறினேன். முனியசாமி அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, வா தாயி என்று பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, உடனே துர்காவுக்குப் போன் போட்டு, எங்க வீட்டுப் பிள்ளையை என்னான்னு நினைச்சுக்கிட்டிருக்கே என்று சத்தம் போட்டார். அது பிச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, நீ அழாத துர்கா, இவ வாயும் லேசுப்பட்டதில்ல, ஒனக்கு நான் இருக்கேன் என்றுவிட்டார். அதிலிருந்து வெள்ளையம்மாள் என் கட்சி, பிச்சையம்மாள் அவள் கட்சி. எங்களால் அவர்கள் இருவரும் இரண்டு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை, அண்ணன் டீக்கடையிலேயே இருக்கிறார். சாயந்திரம் துர்கா, சிநேகாவோடு என்னைக் கூப்பிட வருகிறாள். எனக்குக் கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. கூப்பிட்டதும் கிளம்பிவிடாதே, நம்ம வீட்டுக்கு மரியாதை இருக்காது என்று வெள்ளையம்மாள் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், அவள் வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். குழு கலைக்கப்பட்டது என்ற அந்த ஒரு வரியைப் போட வேண்டாம்.