எட்டுக் குட்டிகள் மேல் விழுந்த சாம்பல் நிறம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் முயல் மைமூக்கும் நலம். குட்டிகள் எட்டும் உடம்பளவில் நலம். ‘உடம்பளவில்’ என்று தனியாக ஏன் சேர்த்தேன் என்று கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். அங்கே உன் மகளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? பிரசவம் நெருங்கும் நேரத்தில் இதில் உள்ள எதையும் அவள் காதில் போடாதே. படித்து முடிக்கும்வரை முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ போனை எடுத்ததுமே ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார். விஷயமோ அவருடைய அப்பாவைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அவருடைய அப்பாவின் ஆண் முயலைப் பற்றியது.

சம்பந்தி வீட்டு ஆண் முயலோடு சேர்த்துவிட்டு மைமூக்கையும் முயல் வளர்ப்புப் புத்தகத்தையும் கூடையில் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்த அன்று நீ என்ன சொன்னாய்? “புத்தகத்தைப் படிண்ணா, எல்லாம் அதுல இருக்கு” என்றாய். படித்தேன். ஆயுள் முழுவதும் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் படிக்க வரும், நடுவில் தாவினால் எதையோ திருடுவது போலிருக்கும். குட்டிகள் பிறந்தபோது நான் நான்காம் அத்தியாயத்தில், ‘நிறமும் பரம்பரையும்’ என்ற இடத்தில் இருந்தேன். ‘குட்டிப் பராமரிப்பு’ ஒன்பதாம் அத்தியாயம். அதற்குள் பிறந்துவிட்டன. அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

இருந்தாலும் என்னால் ஆனதைச் செய்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் குட்டிகள் மேலேயும் கீழேயும் ஒரே மயிர். மைமூக்கு தன் வயிற்றிலிருந்து பிடுங்கிப் போட்டிருக்கிறாள். பாவம், பிரசவக் கலக்கத்தில் செய்திருப்பாள் என்று நினைத்து, அத்தனையையும் பொறுக்கி எடுத்து, சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். உன் பொருள், பத்திரமாக இருக்கிறது. குட்டிகளுக்கு ஒரு சுத்தமான துண்டை நாலாக மடித்து விரித்தேன். காற்றோட்டம் வேண்டும் என்று மூன்றாம் அத்தியாயம் சொல்வதால் பெட்டியை வடக்கு ஜன்னலுக்குக் கீழே தரையில் வைத்தேன். வெளியே விடாத மழை, நல்ல காற்று. எட்டும் எந்நேரமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. உடன்பிறந்தவர்கள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எனக்கு உன் ஞாபகம்கூட வந்தது.

அதுவரை சரி. பிறகு மயிர் முளைக்க ஆரம்பித்தது, நான் நான்காம் அத்தியாயத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மைமூக்குக்கு உடம்பு வெள்ளை, மூக்கும் காதும் காலும் வாலும் மட்டும் கறுப்பு, கண் சிவப்பு. சம்பந்தி வீட்டு ஆணும் அச்சு அசல் அப்படியே. இரண்டு பக்கமும் இந்த நிறமானால் பிறப்பதும் இதேதான், உடம்பில் வேறு நிறம் வர வழியே இல்லை என்று நான்காம் அத்தியாயம் அடித்துச் சொல்கிறது. ஆனால் நம் குட்டிகளின் முதுகில் முளைத்ததோ சாம்பல். அடுப்புக்குள் போய்விட்டு வந்த மாதிரி, எட்டுக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், பிறகு குட்டியையே துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. கண் இன்னும் திறக்காததால் அவை என்னைப் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. நீ மைமூக்கை விட்டுப்போன அன்று சாயங்காலம், கூண்டின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். விழவில்லை. அவள் தோட்டத்துக்குள் போய்விட்டாள். நான் சுண்டைக்காய்ச் செடியைச் சுற்றி வந்து பிடிப்பதற்குள் வேலி ஓரமாக ஒரு சாம்பல் உருவம் ஓடியதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வெல்டர் வளர்க்கும் ஆண் முயல், பெயர் பயில்வான். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது வேறெதையும் நினைக்க முடியவில்லை.

சம்பந்தியோ ஞாயிற்றுக்கிழமை வருகிறார், ஆண் முயலுக்குரிய பங்காக இரண்டு குட்டி பொறுக்கி எடுக்க. “எங்க பரம்பரையில ஒரு கறுப்புப் புள்ளி இடம் மாறி விழுந்தது கிடையாது” என்று பெருமைப்படுகிறவர். கல்யாண ஆல்பத்தில் தன் கண் மூடியிருந்ததற்கே உன்னோடு ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர். இந்தக் குட்டிகளைப் பார்த்தால் என்ன சொல்வார்? உங்கள் வீட்டு வளர்ப்பே இப்படித்தான் என்பார். முயலில் ஆரம்பிப்பது முயலோடு நிற்காது. பிரசவ நேரத்தில் இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும், நடுவில் உன் மகள் கண்ணைக் கசக்குவாள். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சரி, முதலில் உண்மையைத் தெரிந்துகொள்வோம் என்று வெல்டர் வீட்டுக்குப் போனேன். நான் ஒருவரிடம் புகார் சொல்லப் போவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. வாசலில் நின்று இருமினேன். அவர் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“என்ன சார், கேட் ஆடுதா?”

“கேட் நன்றாக இருக்கிறது. ஒரு சின்ன விஷயம். பெரிது என்றும் சொல்லலாம். உங்கள் பயில்வான்...”

“செடியைக் கடிச்சிட்டானா?”

“செடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “நான் அன்னிக்கே சொன்னேன்ல? வேலிப் பக்கத்துலேர்ந்து வந்து ஒரு மாதிரி முழிச்சான்னு! எத்தனை குட்டிண்ணே?”

“எட்டு.”

“எட்டா!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அடிக்க வருவார்கள் என்று நான் ஒரு படி பின்னால் இறங்கியிருந்தேன். வெல்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சார், எங்க பையன் பண்ணதுக்கு நாங்க பொறுப்பு. ஓடி ஒளிய மாட்டோம்.”

அன்றிலிருந்து தினமும் கேரட் வருகிறது. கேரட்டோடு அந்த அம்மாவும் வருகிறார். பெட்டிப் பக்கம் உட்கார்ந்து “பாட்டி வந்திருக்கேன்டா” என்கிறார். அந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர்; பேச்சுச் சத்தம் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் “இன்னிக்கு யாரு கொழுகொழுன்னு இருக்கா?” என்று விசாரணை நடக்கிறது. இவர்களிடம் நான் எப்படிக் கோபப்படுவது?

ஆகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சம்பந்தி வந்ததும் அவர் வாயைத் திறப்பதற்குள், “தப்பு முழுவதும் என்னுடையது. தாழ்ப்பாளைத் திறந்தவன் நான். என் தங்கையையும் மைமூக்கையும் ஒன்றும் சொல்லாதீர்கள்” என்று சொல்லிவிடப் போகிறேன். கண்ணாடி முன் நின்று பழகி வருகிறேன். ‘தப்பு’ வரை குரல் வருகிறது, அதற்குப் பிறகு இருமல்தான் வருகிறது. அவர் ஒரு வருடம் பேசாமலிருந்தாலும் என்னோடுதானே பேசாமலிருப்பார்? எனக்குப் பழக்கம்தான், பெரும்பாலும் யாரும் என்னோடு பேசுவதில்லை. நீ எதுவும் தெரியாதது போல இரு.

உன் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. எல்லோரும் நோய் நொடியில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இதை ஒட்டி முடித்தபோது சம்பந்தி ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றார். உறையை மறுபடி பிரித்து எழுதுகிறேன். பழகி வைத்ததோடு பயில்வான் விஷயத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னேன், இருமல் வரவில்லை. அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஒரு குட்டியைத் தூக்கி முதுகில் ஊதிப் பார்த்தார். “கண்ணு திறந்தாச்சே, பாக்கலையா சம்பந்தி?” என்றார். பார்க்கவில்லை, காலையிலிருந்து கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுக்கும் கண் சிவப்பு. பயில்வானுக்குக் கண் கறுப்பு; அவன் தகப்பன் என்றால் கறுப்புக் கண்ணுள்ள குட்டி இருந்தே தீர வேண்டும். நான்காம் அத்தியாயத்தில் அந்த வரிக்கு நானே கோடு போட்டிருக்கிறேன்.

பிறகு, “தாய் பிடுங்கிப் போட்ட மயிர் எங்கே?” என்றார். பெருமையோடு துணிப்பையைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் பையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “இந்த ரகத்துக்குக் குளிர் பட்ட இடம்தான் கறுக்கும் சம்பந்தி. அதனாலதான் மூக்கு, காது, கால், வாலு. நீங்க குட்டியோட உடம்பு பூராவையும் மூக்காக்கிட்டீங்க. அடுத்த மயிர் முளைச்சா வெள்ளையாயிடும். எட்டும் பொழைச்சதே பெரிசு.” பையை அவிழ்த்து மயிரைக் குட்டிகள் மேல் போட்டு, ஜன்னலை அவரே சாத்தினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டிப்பிடித்துக் கிடந்தன என்று எழுதினேனே, அது பாசமில்லை, குளிர்.

அந்த நேரம் பார்த்து வெல்டரும் அவர் மனைவியும் கேரட்டோடு வந்துவிட்டார்கள். “இவரும் தாத்தாவா?” என்று கேட்டார் அந்த அம்மா. நான் தரையைப் பார்த்தேன். சம்பந்தி என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். பிறகு, புள்ளி இடம் மாறாத பரம்பரைக்காரர், இருப்பதிலேயே கறுத்த குட்டியைத் தூக்கி அந்த அம்மாவின் மடியில் வைத்து, “ஜாடை அப்படியே உங்க பயில்வான்தான், கொண்டுபோய் வளருங்க” என்றார். தனக்கு ஒன்று போதுமாம். அது வெளுக்கும்போது அவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். “அப்போ பாட்டி ஜாடைன்னு சொல்லிக்கலாம், விடுங்க” என்கிறார்.

ஆகவே மேலே எழுதியதில் உன் விலாசமும் வாழ்த்தும் தவிர எல்லாம் தவறு. திருத்த உட்கார்ந்தால் ஒன்றும் மிஞ்சாது என்பதால் அப்படியே அனுப்புகிறேன். குழந்தை பிறந்ததும் நன்றாகப் போர்த்தி வை. நான் வந்தால் எதையும் துவைக்கக் கொடுக்காதே.