நூலில் வந்த கர்ப்பம்

நூல்சாமியின் வாசலில் கூட்டம் அலைமோதியது. நாள் தள்ளிப்போகட்டும், பார்க்கலாம் என்பார்கள் ஆஸ்பத்திரியில். நூல்சாமிக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. விட்டால் கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பம் என்று சொல்லிவிடுவார்! பெண்களைத் தொடமாட்டார், பார்க்கமாட்டார். திரைக்கு இந்தப் பக்கம் பெண்ணின் மணிக்கட்டில் நூல். அந்தப் பக்கம் அதன் நுனி சாமியின் விரலில். நேரடியாகத் தொடுவது காணிக்கையை மட்டும்தான்.

பிள்ளை பிறந்தால் சாமியின் சக்தி. மாதவிலக்கு வந்துவிட்டால்? "நான் காட்டிக் குடுத்தேன். நீதான் காப்பாத்தத் தெரியாம நழுவ விட்டுட்டே." நஷ்டமே வராத வியாபாரம்!

அன்று மாமியாரோடு வந்திருந்த தையல்காரி மருமகள் இப்படி மூன்று முறை 'நழுவ விட்டவள்'. அவள் வயிற்றில் எதுவுமே தங்கியதில்லை என்று டாக்டரம்மா சொன்னது, பாத்திரக்கடை நடத்தும் மாமியாரின் காதில் ஏறவில்லை.

"இந்தத் தடவையும் நழுவிச்சுன்னா நீ உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு. என் மகனுக்கு வேற பொண்ணு பார்த்துக்கறேன்."

சாமியின் சிஷ்யை மருமகள் கையில் நூலைக் கட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே போனாள்.

"அத்தை," மருமகள் கிசுகிசுத்தாள், "கடைக்குக் குடம் வந்தா தட்டிப் பார்க்காம வாங்குவீங்களா?"

"எப்படி வாங்குவேன்? ஓட்டையைத் தலையில கட்டிடுவானே!"

"அப்ப இவரையும் ஒரு தட்டு தட்டிடுவோம். கையை நீட்டுங்க."

மாமியார் முறைத்தாள். ஆனால் தட்டிப் பார்த்தே பழகின கை, தானாக நீண்டது. தையல்காரிக்கு முடிச்சை மாற்ற எவ்வளவு நேரம்?

திரை கனைத்தது. "கரு தங்கியிருக்கு தாயி! ஆனா மாமியாரை மதிக்காத தோஷம் இருக்கு. பெரிய தாயத்து கட்டலேன்னா இதுவும் நழுவிடும்."

மாமியார் நூல் கட்டிய தன் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள்.

"அடப்பாவி! கர்ப்பப்பையை எடுத்தே பல வருஷமாச்சு, எனக்கு எங்கடா தங்கிச்சு? என் மாமியார் போய்ச் சேர்ந்து அதைவிட நாளாச்சு!"

திரையைப் பிடித்து இழுத்தாள். நூலின் மறுநுனி மேஜைக் காலில் கட்டியிருந்தது. சாமி இரண்டு கையாலும் செல்போனில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

மாமியார் மருமகளின் கையை இறுகப் பிடித்தாள், நழுவ விடாமல். "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

வாசலில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கர்ப்பப்பை இல்லாதவங்களுக்கே கரு குடுத்துட்டாரே! என்னா சக்தி!"

மாமியார் நின்றாள். அந்தப் பெண்ணின் தலையில் விரல் மடக்கி ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, காது வைத்துக் கேட்டாள்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க?"

"வயித்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல இங்க ஏதாவது தங்கியிருக்கான்னு பார்க்கிறேன்."